படுத்துக்கொண்டே தோற்ற ஆட்டம்

இன்று காலை மருந்துக் கடையில் வாங்கிய விளக்கெண்ணெய் பாட்டிலின் மூடி சரியில்லை. பையெல்லாம் ஒழுகி, வீடு வந்து சேர்வதற்குள் எனக்குக் கால்பந்து ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். எங்கள் கல்லூரியில் இருந்த ஒரே பந்துக்கு அடிக்கடி விளக்கெண்ணெய் தடவுவோம். தடவாவிட்டால் தோல் விறைத்துப்போகும். அப்புறம் அதைத் தலையால் முட்டியவன் சாயங்காலம் வரை யாரோடும் பேசமாட்டான்.

யுத்த காலம். பட்டணத்தில் குண்டு விழும் என்று பயந்து, எங்கள் சின்னக் கல்லூரியை வேலப்பன்சாவடியில் ஒரு பழைய மண்டிக்கு மாற்றியிருந்தார்கள். பாதிப் பையன்கள் சொந்த ஊருக்கு ஓடிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களில் நொண்டாதவர்களை எல்லாம் சேர்த்தும் அணிக்கு ஆள் தேறவில்லை. அப்படித்தான் பக்கத்துக் கிராமமான நூம்பலிலிருந்து புதிதாக வந்த கண்ணாயிரம் எங்கள் கோல்கீப்பர் ஆனான். அவனுடையது பயிர் வைக்கும் குடும்பம். அவன் அப்பா எப்போது ஏருக்குத் திரும்பக் கூப்பிடுவாரோ தெரியாது. "பந்தாட்டம் இல்லன்னா எனக்கு இங்க இன்னா வேலை மச்சான்" என்பான். பாடம் அவன் காதில் ஏறியதாக நினைவில்லை.

அந்த வருஷம் எல்லோரிடமும் தோற்றோம். நசரத்பேட்டையில் வேடிக்கை பார்க்க வந்த பையன்களை எதிரே நிறுத்தி ஆடியும் தோற்றோம். பிரின்ஸ்பாலுக்குப் பொறுமை போய்விட்டது. ஊரே அரிசிக்கு அலையும்போது மைதானம் சும்மா கிடப்பதா, கடைசி ஆட்டத்திலும் தோற்றால் அணியைக் கலைத்துவிட்டு வேர்க்கடலை போட்டுவிடுவேன் என்றார்.

கடைசி ஆட்டம் ஆவடி ராணுவக் கிடங்கின் குமாஸ்தாக்களோடு, அவர்கள் மைதானத்தில். அவர்களுக்கு பூட்ஸ், எங்களுக்கு வெறுங்கால். கண்ணாயிரம் பிடித்த பிடியில் ஆட்டம் முடியும் தறுவாய் வரை கோலே விழவில்லை. டிராவே எங்களுக்குப் போதும். அப்போது கிடங்கில் சங்கு ஊதியது.

இந்தச் சங்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குண்டு போட விமானம் வருகிறது என்று சங்கு ஊதினால் எங்கிருந்தாலும் குப்புறப் படு, கைக்குட்டையைக் கடி, காதைப் பொத்து என்று பிரின்ஸ்பால் தினமும் எங்களைப் பழக்கியிருந்தார். நின்றவன் வகுப்புக்கு வெளியேதான். ஆகவே விழுந்தோம். எனக்குப் புல்லும் எறும்பும்தான் தெரிந்தன. குமாஸ்தாக்கள் விழவில்லை, அவர்களுக்கு அது வேலை முடிகிற சங்கு. ஒருவன் எங்களைத் தாண்டித் தாண்டிப் பந்தை ஓட்டிக்கொண்டு போனான்.

கண்ணாயிரம் மட்டும் நின்றுகொண்டிருந்தான். கோட்டோரம் குப்புறக் கிடந்த பிரின்ஸ்பால் வாயிலிருந்த கைக்குட்டையை எடுத்துவிட்டு, "படுடா!" என்று கத்தினார். படுத்தான். பந்து அவனுக்குப் பக்கத்தில் உருண்டு உள்ளே போனது. நடுவர் கோல் என்றார்.

திரும்பும் வழியில் கண்ணாயிரம்தான் கேட்டான்.

"நீங்கதான சார் படுக்க சொன்னீங்கோ?"

"படுத்தது சரி. தோத்ததும் தோத்ததுதான்" என்றார் பிரின்ஸ்பால்.

இந்த நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஒரே மனிதர் ஒரே நாளில் சொன்ன இரண்டும் சரி என்றால், நாங்கள் செய்த தப்புதான் என்ன? அவரும் பாவம், சொல்லிவிட்டு வழியெல்லாம் கைக்குட்டையை மடித்துப் பிரித்துக்கொண்டே வந்தார்.

மைதானத்தை உழ நூம்பலிலிருந்து ஏர் வந்தது. ஏர் பிடித்து வந்தவன் கண்ணாயிரம். அணியைக் கலைத்ததிலிருந்து அவன் வகுப்புக்கு வரவில்லை. வேறெங்கும் தொடாமல் நேரே கோல் கம்பங்களுக்கு நடுவில் ஏர்க்கொழுவை இறக்கினான். ஏன்டா முதலில் அங்கே என்று கேட்டேன்.

"எங்கனா ஒரு எடத்துல ஆரம்பிக்கணும்ல" என்றான்.

கோபமா, துக்கமா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

யுத்த பயம் தீர்ந்ததும் கல்லூரி பட்டணத்துக்கே திரும்பிவிட்டது. அவனைக் கூட்டிப்போக யாருக்கும் தோன்றவில்லை. போன மாதம் வேலப்பன்சாவடியில் இறங்கி, இங்கே ஒரு காலேஜ் மைதானம் இருந்ததே என்று விசாரித்தேன். "எந்தக் காலேஜ் சார்? இங்க நிறைய கீதே" என்றார் ஒருவர். மாடி வீடுகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றி வந்தேன். கண்ணாயிரம் நின்ற இடம் எதுவென்று கடைசிவரை எனக்கே தெரியவில்லை.