எல்லார் சாவியும் ஒரே டப்பாவில்

அந்த சோப்புத் தொழிற்சாலையில் அவளைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. சாவியக்கா என்று கேட்டால் வாசல் காவலாளியே கூட்டிக்கொண்டு வந்து விடுவார். ஸ்டோர் ரூமில் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து கையுறை, முகமூடி, ஸ்பேனர், கிரீஸ் என்று எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. கிழிந்த கையுறையைக் கொண்டுவந்து போட்டால்தான் புதுசு. பழசு எங்கேயோ விழுந்துவிட்டது என்று பல்லைக் காட்டினால், "விழுந்த இடத்துல போய்த் தேடிட்டு வாங்க" என்பாள். ஒருமுறை மேனேஜரே டார்ச்சுக்கு பேட்டரி கேட்டு வந்து, பழைய பேட்டரி எங்கே என்று கேட்கப்பட்டு, திரும்பிப் போய் டிராயரைக் குடைந்து எடுத்து வந்திருக்கிறார்.

பொருளைத் தொலைப்பது அவளுக்கு வராத வித்தை. புருஷனின் மூக்குக்கண்ணாடி, பிள்ளைகளின் பஸ் பாஸ், எல்லாம் அவள் கணக்கில்தான் பத்திரமாக இருந்தன. அம்மா இறந்தபோது தம்பிக்குப் பால் பல்கூட விழாத வயது. அவனை வளர்த்து, படிக்க வைத்து, படிப்பு ஏறாது என்று தெரிந்ததும் அதே தொழிற்சாலையில் சேர்த்துவிட்டு, கல்யாணமும் பண்ணி வைத்தாள். அவன் உட்கார்ந்த இடத்தில் செருப்பையே மறந்துவிட்டு வருகிற ஆள். ஆனால் கலவைத் தொட்டிக்குள் இறங்கிக் காய்ந்த சோப்பைச் சுரண்டி எடுப்பதில் அவனுக்கு நிகர் அவன்தான்.

கலவைத் தொட்டி என்றால் வாளி, அண்டா என்று நினைத்துவிடக் கூடாது. ஓர் அறை அளவு இருக்கும். உள்ளே ஆள் உயரத்துக்கு இரும்புத் துடுப்புகள். சுவிட்சைத் தள்ளினால் அவை சுழலும். உள்ளே சோப்பு இருக்கிறதா ஆள் இருக்கிறானா என்று பார்க்காது. அதனால் தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. தொட்டி வேலைக்கு எத்தனை பேர் போகிறார்களோ அத்தனை பேரும் மெயின் சுவிட்சில் ஆளுக்கொரு பூட்டு மாட்ட வேண்டும். எல்லாப் பூட்டும் கழன்றால்தான் சுவிட்ச் அசையும். சாவி அவரவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்க வெளியிலிருந்து இரண்டு பேர் வந்து, படம் போட்டுக் காட்டி, ஆளுக்கொரு சிவப்புப் பூட்டும் சாவியும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சாவியைத் தொலைத்தால் மேனேஜருக்குக் கைப்பட விளக்கம் எழுதித் தர வேண்டும் என்றும் ஒரு விதி. அங்கேதான் வம்பு. எழுதுவதைவிட ஓடுகிற தொட்டிக்குள் குதிப்பது மேல் என்று நினைக்கிறவர்கள் அங்கே அதிகம். முதல் வாரமே தம்பி தன் சாவியைக் கொண்டுவந்து ஜன்னலில் நீட்டினான். "நீயே வச்சுக்கோக்கா. வேணும்போது வந்து வாங்கிக்கறேன்." பூட்டை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், திறக்கத்தானே சாவி. அவன் கொடுத்ததைப் பார்த்து அடுத்தவன் கொடுத்தான். அப்புறம் எல்லாரும் கொடுத்தார்கள். ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள்.

இதில் விசேஷம் என்னவென்றால், யாரும் விதியை மீறியதாக நினைக்கவே இல்லை. எல்லாரும் ஒழுங்காகப் பூட்டினார்கள். எல்லாரும் சாவியைப் பத்திரமாக வைத்தார்கள். கொஞ்ச நாளில், "நீ எதுக்கு அவ்வளவு தூரம் நடக்கற, நான் வாங்கிட்டு வரேன்" என்று சூப்பர்வைசரே வந்து சாவி வாங்கிப் போக ஆரம்பித்தார். அதையும் எல்லாரும் ஒத்தாசை என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரே ஓர் ஆள் மட்டும் கொடுக்கவில்லை. விறைப்பு அண்ணன் என்று பெயர். தம்பி தொட்டிக்குள் இறங்கினால் வாய்ப்பக்கம் காவல் நிற்பவர். பழைய கையுறை இல்லாமல் ஒரு நாள் புதுசு கேட்டு வந்து, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போனவர். அன்றிலிருந்து அவளோடு பேச்சு இல்லை. "ஒரு கையுறை குடுக்க மனசு வராதவகிட்ட என் சாவியக் குடுக்கணுமா" என்று ஊக்கு மாட்டிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். அவருக்கும் பாதுகாப்புக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான்.

அன்றைக்கு வாசலில் லாரி நின்றுகொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் மூச்சு வாங்க ஜன்னலுக்கு வந்தார்.

"அக்கா, உங்க தம்பி சாவியக் குடுங்க. தொட்டிய ஓட்டணும்."

"வெளிய வந்துட்டானா?"

"குழாயடில மூஞ்சி கழுவிட்டு இருக்கான். இப்பதான் பாத்துட்டு வரேன்."

டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். "விறைப்போட சாவி?"

"அவர் என்கிட்ட எங்க குடுக்கறாரு?"

"அந்த மனுஷன் எங்க போய்த் தொலைஞ்சான்னு தெரியல" என்று திட்டிக்கொண்டே போனார். அடுத்து அவர் வந்தபோது ஜன்னலுக்கு வரவில்லை. கதவைத் திறந்து உள்ளே வந்து, கிரீஸ் டப்பா மேல் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டார்.

"உள்ளதான் இருந்தான்க்கா. சுவிட்ச் பக்கத்துல நின்னு விறைப்பத் திட்டிட்டு இருக்கேன், தொட்டிக்குள்ள டொக்கு டொக்குனு சத்தம். எட்டிப் பாத்தா சுரண்டிட்டு இருக்கான். குழாயடில நின்னது வேற யாரோ. எல்லாம் ஒரே நீலச் சட்டை, தலையெல்லாம் சோப்பு மாவு."

அவள் ஜன்னலைச் சாத்தினாள், வேலை நேரத்தில் அது சாத்தப்படுவது அதுவே முதல் தடவை. தொட்டியடிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது தம்பி வெளியே வந்து ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, சாவிய நீயே எடுத்துட்டு வந்துட்டியா? நான் வரமாட்டேனா?"

அவள் அவன் இரண்டு கைகளையும் தோளிலிருந்து விரல் வரைக்கும் தடவிப் பார்த்தாள். "போய் மூஞ்சி கழுவு" என்றாள்.

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. சொன்னால் தன் வேலை போகும், சூப்பர்வைசர் வேலை போகும், தம்பிக்கும் ஓலை வரும். சொல்லாவிட்டால் நாளைக்கும் அந்த டப்பா அங்கேயேதான் இருக்கும். விறைப்பு அண்ணன் ஒரு நாள் மனசு மாறிச் சிரித்துச் சாவியை நீட்டிவிட்டால் போதும், கதை முடிந்தது.

காலைக் கூட்டத்தில் மேனேஜர் ஒரு சுவர்க்கடிகாரத்தோடு நின்றார். சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்ததில், எல்லாப் பூட்டும் கழலும் வரை பொறுமையாகக் காத்திருந்ததால் விபத்து தவிர்க்கப்பட்டது என்று இருந்ததாம். ஒரு வார்த்தை பொய் கிடையாது. சாவிகளைக் கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்த சாவியக்காவுக்குப் பரிசு என்றார் மேனேஜர். கை தட்டினார்கள்.

அவள் போய் டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தாள்.

"சார், இதெல்லாம் இவங்க பைல இருக்கவேண்டிய சாவி. நேத்து என் தம்பி உள்ள இருக்கும்போது அவன் சாவிய எடுத்துக் குடுத்தவ நான்தான். விறைப்பு அண்ணன் என்மேல கோவமா இருந்ததால அவன் இன்னிக்கு இங்க நிக்கறான். எனக்குக் கடிகாரம் வேண்டாம்."

சூப்பர்வைசர் தலையைத் தூக்காமல், "கேட்டு வாங்கினது நான்" என்றார். விறைப்பு அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு, "நானும் நிக்கவேண்டிய இடத்துல நிக்கல. பாத்ரூம் போயிருந்தேன்" என்றார். மேனேஜர் கடிகாரத்தைக் கீழே வைத்தார். விளக்கம் எழுதுகிற விதியை எடுத்துவிடுவதாகவும், தொலைத்தவன் வாயால் வந்து சொன்னால் போதும் என்றும் சொன்னார். யாரையும் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லவில்லை.

எந்தச் சாவி யாருடையது என்று அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாததால், அவளே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கவேண்டி வந்தது. தம்பி கடைசியில் வந்தான். அந்தக் கூட்டம் வரைக்கும் அவனிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"நீயா எடுத்துக் குடுத்த?"

"நான்தான்."

"என்னை வந்து பாக்காமலேயா?"

"பாக்கல."

அவன் சாவியை வாங்கிப் பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டினான். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் விறைப்பு அண்ணனிடம் போய் நன்றி சொன்னாள்.

"உனக்காகச் செய்யல" என்றார்.

"தெரியும். இனிமேலும் யார் கேட்டாலும் குடுக்காதீங்க."

"உன்கிட்டயா? செத்தாலும் குடுக்க மாட்டேன்."

இப்போதெல்லாம் தம்பி தொட்டிக்குள் இறங்குகிற நாளில் ஸ்டோர் ஜன்னல் சாத்தியிருக்கும். அவள் தொட்டியடியில் விறைப்பு அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. அவன் வெளியே வந்து ஏணியில் இறங்கி, சுவிட்சுக்குப் போய், தன் பூட்டைத் தன் சாவியால் திறக்கும்வரை அவள் கண் வேறு பக்கம் திரும்பாது. அதுவரை யாருக்காவது ஸ்பேனர் வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டியதுதான்.