உடும்பின் உரியாத சட்டை

குவைத்தில் அப்பாசியாவில் ஒரு ஃபிளாட்டை இன்னொரு குடும்பத்தோடு பகிர்ந்து குடியிருந்தோம். எங்கள் பங்குக்கு ஓர் அறை, ஒரு குளியலறை. என் மனைவி நர்ஸ். அந்த வருடம் அவளுக்குப் பெரும்பாலும் நைட் டூட்டி. நான் ஏசி டெக்னீஷியன், என் வேலை மதியத்துக்கு மேல்தான். காலையில் அவள் வந்ததும் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுப்பாள். எழுந்திருக்கும்போது நான் இருக்க மாட்டேன். கல்யாணம் ஆன புதுசு. ஒரே கட்டிலில் முறைவைத்துத் தூங்கும் இரண்டு பேர் போல இருந்தோம்.

அந்தக் கோடையில் ஒரு குவைத்தி வீட்டுக்கு ஏசி பார்க்கப் போனேன். வீட்டுப் பையன் படிப்புக்காக வெளிநாடு போய்விட்டான். அவன் ஆசைப்பட்டு வாங்கிய ஆப்பிரிக்க உடும்பு ஒன்று கண்ணாடித் தொட்டியில் கிடந்தது. யாரும் கிட்டே போவதில்லை. அதை எடுத்துக்கொண்டு போகிறாயா, இல்லையென்றால் பாலைவனத்தில் விடச் சொல்லிவிடுவேன் என்று வீட்டுக்கார அம்மா டிரைவரை விட்டு இந்தியில் கேட்கச் சொன்னார். வெளியே தார் உருகும் வெயில். உடும்பு தலையைத் தூக்கி, யாரோ கூப்பிட்ட மாதிரி என்னைப் பார்த்தது. வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை மனைவி வந்தபோது என்ன சொல்வாளோ என்று நின்றேன். அவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

“இதுக்கு மேலுக்குச் சொகமில்ல, பாத்தியளா?” என்றாள்.

அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். உடம்பு முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடந்தது. முதுகில் பழைய தோல் பாதி கிளம்பி, பாதி ஒட்டி, காய்ந்த சுவரொட்டி போலத் தொங்கியது. கால்விரல்களில் முன்பு உரியாமல் விட்ட தோல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வளையம் போட்டிருந்தன. வால் நுனியிலும் அப்படியே.

அவள் தூங்கிய பிறகு, உதவி செய்வதாக நினைத்து முதுகில் தொங்கிய ஒரு துண்டைப் பிடித்து இழுத்தேன். அது புஸ்ஸென்று சீறியது. தோலுக்கு அடியில் வெளுத்த சிவப்பில் ஒரு பொட்டு ரத்தம். கூட வேலை செய்தவன் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னான். தடவினேன். தொட்டியிலிருந்த மணல் முழுக்க அதன்மேல் அப்பிக்கொண்டது. மனைவி எழுந்து பார்த்தாள். திட்டவில்லை. துணியை நனைத்து மணலைத் துடைத்துக்கொண்டே, “பிடிச்சி இழுக்காதிய. புண்ணுல ஒட்டுன கட்டுத்துணியையே நாங்க நனைச்சித்தான் எடுப்போம்” என்றாள்.

பூனைகளையும் ராஜாளிகளையும் பார்க்கும் ஒரு மிருக டாக்டரிடம் கொண்டுபோனோம். அவரும் அதையேதான் சொன்னார். ஏசி அறையில் காற்று காய்ந்து போகிறது, தொட்டியில் காய்ந்த மணல், படுத்துக் கிடக்கத் தண்ணீர் இல்லை, பிறகு எப்படித் தோல் உரியும் என்று கேட்டார். வெதுவெதுப்பான நீரில் ஊறவிட வேண்டும், தொட்டியில் ஒரு வளை அமைத்து அதற்குள் ஈரமண் போட வேண்டும், தானாக வருவதை மட்டும் எடுக்க வேண்டும். பின்னங்காலின் ஒரு விரலைக் காட்டி, வளையம் இறுக்கி ரத்தம் ஓடவில்லை, இது பிழைப்பது சந்தேகம் என்றார்.

அதற்குப் பிறகு வந்த காலைகளை இப்போது நினைத்தால் எல்லாம் சேர்ந்து ஒரே காலையாகத்தான் தெரிகிறது. வெளியே புழுதிக்காற்று. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் வெல்லப்பாகின் நிறத்தில் இருக்கும். ஏசியை நிறுத்திவிடுவோம். குளியலறையில் பிளாஸ்டிக் தொட்டியில் நீர் நிரப்பி உடும்பை இறக்குவாள். முதலில் நகங்களால் பிறாண்டும், பிறகு அடங்கி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மிதக்கும். அவளுக்கும் தூக்கத்தில் கண் சொருகும். நான் தொட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். தாழ்ந்த குரலில், கடலில் பாய்மரம் இறக்கிப் படுத்துக் கிடந்த அவள் அப்பாவைப் பற்றியோ, அன்று வார்டில் வலியே இல்லை என்று சிரித்த கிழவரைப் பற்றியோ ஏதாவது சொல்வாள். பேச்சு பாதியில் நிற்கும். ஆவியில் அவள் முகம் கலங்கித் தெரியும். நேரம் எங்கே போனது என்றே தெரியாது.

அப்படி ஒரு காலையில், விரல்களில் வளையம் இளகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். உடும்பின் காலைத் தாங்கியிருந்த அவள் விரல்களும் கண்ணில் பட்டன. கணுக்களில் தோல் வெடித்து, ஓரங்கள் வெள்ளையாக உரிந்து கிடந்தன. சில இடங்களில் சிவந்திருந்தது.

“இது என்ன?” என்றேன்.

“டூட்டியில கை கழுவிக் கழுவி. வந்த நாள்ல இருந்தே இப்பிடித்தான்.”

“எரியலயா?”

“எரியும்,” என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “நீங்க இப்பந்தான் பாக்கிய” என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. ஏதோ ஒரு நிம்மதி இருந்தது அந்தக் குரலில்.

அன்று வேலைக்குப் போகும் வழியில் வாஸ்லின் களிம்பு பெரிய டப்பாவாக வாங்கினேன். மறுநாள் உடும்பை ஊறவிட்டிருக்கும்போதே அவளுடைய இன்னொரு கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் தடவிவிட்டேன். அவள் சுவரில் தலையைச் சாய்த்து அப்படியே தூங்கிப்போனாள்.

முதுகுத் தோல் துண்டு துண்டாக நீரில் கழன்று மிதந்தது. அடியில் இருந்தவை ஈரக் கூழாங்கல் போன்ற புதுச் செதில்கள். விரல்களின் வளையங்கள் நனைத்த பஞ்சுக்கு ஒவ்வொன்றாகப் பிரிந்தன. டாக்டர் சந்தேகப்பட்ட விரல் மட்டும் கறுத்துச் சுருங்கி, ஒருநாள் மண்ணில் உதிர்ந்து கிடந்தது. அவள் அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துவைத்தாள். எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. உடும்புக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. முன்பு தொடாத இரையைப் பாய்ந்து பிடித்தது.

எங்களோடு அது மூன்று வருடத்துக்கு மேல் இருந்தது. பிள்ளை பிறந்து பெரிய ஃபிளாட்டுக்கு மாறியபோது, ஃபஹாஹீல் பக்கம் பண்ணை வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்தோம். சில மாதங்கள் போய்ப் பார்த்தோம், பிறகு விட்டுப்போயிற்று.

உடும்பு வந்த அந்த முதல் குளிர்காலத்தில் ஒருநாள் குவைத்தில் நல்ல மழை. அவளுக்கு அன்று லீவு. ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம். ஈரமண் வளையிலிருந்து உடும்பு வெளியே வந்து, தொட்டியில் கிடந்த செங்கல்லில் தோளை மெல்லத் தேய்த்தது. யார் கையும் படாமல் தோல் கழுத்திலிருந்து ஒரு கை அகலத்துக்குக் கழன்று செங்கல்லில் ஒட்டிக்கொண்டது. கட்டிலில் படுத்தபடியே இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. எழுந்து டீ போடலாம் என்றேன். இன்னும் கொஞ்சம் கழியட்டும் என்றாள்.