மதில் சுவரில் கரிக்கோடு

வெள்ளையடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவர் அவர். சாந்தோமில் எங்கள் பள்ளிக்கூட மதிலோரமாக இரண்டு கோல்களை ஊன்றி நடப்பார். மாதா கோயிலில் நடுப்பகல் மணி அடிக்கத் தொடங்கியதும் வாசலிலிருந்து புறப்படுவார். மணி ஓய்ந்ததும் நின்று, சுவரில் கரியால் கோடு போடுவார்.

"எதுக்குய்யா இது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எவ்ளோ நடக்கறேன்னு டாக்டரு கேக்கறாரு, வாத்தியாரே. வாயால சொன்னா நம்ப மாட்டேங்கறாரு."

முதல் கோடு வாசலிலிருந்து நாலே அடியில் இருந்தது. சில நாள் கோடு பின்னுக்கும் போனது. அதையும் அவர் அழிக்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து, மணி இன்னும் அடித்துக்கொண்டிருக்கும்போதே மதிலைத் தாண்டித் தெருமுனையில் போய் நின்றார்.

"இன்னிக்குக் கோடு எங்கே?" என்று கத்தினேன்.

கோலை உயர்த்தி ஆட்டினார். "சுவரு தீந்துபோச்சு, வாத்தியாரே! இதவிட நீட்டு சுவரு எங்க கீது?"