வளர்ந்த வளையம்

இன்று ஐப்பசி ஒன்பதாம் நாள். எனக்கு எழுபத்தொன்பது வயது, இரண்டு மாதம், பதினொரு நாள். அளவில் பிழை கூடாது என்று இயற்பியல் வகுப்பில் ஆயுள் முழுவதும் அதட்டியவள். ஆகவே சரியாகவே சொல்லிவிடுகிறேன்.

காலையில் முதலமடை வீட்டில், மாமரங்களுக்கு மருந்தடிக்க ஆள் வந்திருந்த நேரம். நம் கல்லூரி அணியின் பழைய தலைவி மரகதம் தொலைபேசியில் அழைத்தாள்.

"டீச்சருங்களா? ஸ்டெல்லா மிஸ் போயிட்டாங்க. சித்திரபுரத்துல, தூக்கத்துலயேங்க."

அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தேன். எனக்கு அழுகை வருவதில்லை.

ஸ்டெல்லாவிடம் கூடைப்பந்து பயின்ற நீங்கள் இரங்கல் கூட்டத்தில் அவரைத் தெய்வமாக்கிவிடுவீர்கள். அவர் பொறுமைசாலி அல்லர். தோற்றுத் திரும்பும் பேருந்தில் யாருடனும் பேசமாட்டார். கடலைப் பொட்டலத்தையும் பகிரமாட்டார்.

தோள்வலுவை மட்டும் நம்பி எறிபவளைக் கண்டால் அவருக்கு ஆகாது. "ஏ புள்ள, கையை வச்சா எறியுத? முழங்காலு என்ன, சபையில செபத்துக்கு மண்டி போட மட்டுந்தானா?" தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மூட்டையைத் தலைக்கு ஏற்றிய தம் தாயைப் பார்த்துக் கற்றது அது. மடங்கிய முழங்கால் நிமிரும். அந்த விசை இடுப்பு வழியே தோளுக்கு ஏறும். கை கடைசியில் திசையை மட்டும் காட்டும். நான் அதையே கரும்பலகையில் கோணம் வரைந்து விளக்கினேன். "கணக்கு முடிஞ்சுதா டீச்சர்? பந்து எப்பவோ போய்ச் சேந்துட்டு" என்றார்.

ஓர் ஆண்டு மட்டும் பந்து போய்ச் சேரவில்லை. நம் திடலில் தவறாமல் விழுந்த பந்துகள், வெளியூர்களில் வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பின. நிர்வாகம் முகம் சுளித்தது. ஸ்டெல்லா பணிவிலகல் கடிதம் எழுதி, பிழை திருத்தித் தருமாறு என்னிடம் நீட்டினார். ‘பிள்ளைகளுக்கு என் பயத்தைப் பழக்கிவிட்டேன்’ என்று அதில் இருந்தது.

"ஓணம் முடியட்டுங்க. அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

விடுமுறை முடிந்து வந்தால், நம் திடலிலும் பந்து எட்டவில்லை.

"என்ன டீச்சர், புள்ளைகளுக்குக் கை குட்டையாயிட்டா, இல்ல வளையம் வளந்துட்டா?"

"ஓணச் சாப்பாடுங்க. வேறென்ன?"

என்னைச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு விசிலை ஊதினார். முழங்காலை இன்னும் ஆழமாக மடக்க வைத்தார்; நிமிரும் அதே மூச்சில் பந்தை விடவைத்தார். அந்தப் பருவத்தில் கோப்பை வந்தது. கடிதத்தை அவர் திரும்பக் கேட்கவே இல்லை.

அது என் அலமாரியில் இருக்கிறது. அவருடையதென்று என்னிடம் உள்ளது அது ஒன்றே. திருத்தித் தரச் சொன்ன பிழையை இப்போது திருத்துகிறேன். அவ்வாண்டுத் தொடக்கத்தில் நம் மண் திடலுக்குச் சிமெண்ட் தளம் போட்ட குழுவுக்கு நான்தான் பொறுப்பாளர். தரை நான்கு அங்குலம் உயர்ந்தது. வளையத்தையும் உயர்த்தச் சொல்ல மறந்தேன். நம் வளையம் மட்டும் நான்கு அங்குலம் தாழ்ந்துபோக, பிள்ளைகளின் எறி அதற்கே பழகிவிட்டது. கடிதத்தைப் படித்த அன்று மாலைதான் அளந்து பார்த்தேன். ஓண விடுமுறையில், யாரும் இல்லாத பகலில் வெல்டரை வரவழைத்து ஏற்றிவைத்தேன். பிள்ளைகளுக்குப் பயம் இருந்ததில்லை. அவர்களுக்கு யாரும் அதைப் பழக்கவும் இல்லை. ஸ்டெல்லாவிடம் இதைச் சொல்ல நான்தான் பயந்தேன்.