ரெஜினா அக்காவும் இல்லாத ஓர் ஓவியரும்

செய்தி வந்தபோது நான் டுசல்டோர்ஃபில், வேலையிடத்துக் கூட்டமொன்றில் உட்கார்ந்திருந்தேன். கைபேசியை மேசைக்கடியில் வைத்துப் பார்த்தேன். ரெஜினா அக்காவின் மகன் ஜூட் எழுதியிருந்தார்: “அம்மா இண்டைக்குக் காலமை போயிட்டா, மதுரா. கஷ்டப்படேல்லை. நேற்றும் ‘என்ர கெல்லருக்குள்ள ஆரும் பெட்டியளை இடம் மாத்தினால் ஆவியா வருவன்’ எண்டு சொன்னவ.” அழுகைக்கு முன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்தார். எழுந்து வெளியே போய், படிக்கட்டில் உட்கார்ந்து, இரண்டையும் ஒன்றாகவே செய்து முடித்தேன்.

ஹம் நகரில் இருக்கும் உங்களில் பலருக்கு அவர் மீன் ரோல்ஸ் ரெஜினா அக்கா. மாதா திருநாள் என்றாலும் தமிழ்ப் பாடசாலை விழா என்றாலும் இரண்டு பெரிய தட்டுகளுடன் வருபவர். ‘அன்ரி’ என்று கூப்பிடும் பிள்ளைக்கு ரோல்ஸ் இல்லை. அறுபது வயதைத் தாண்டியும் அவர் எல்லாருக்கும் அக்காதான். முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்தவர் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவர் வீட்டு நிலவறையில், நாங்கள் எல்லாரும் கெல்லர் என்று சொல்லும் அந்த இடத்தில், ஊறுகாய்ப் போத்தல்களுக்கும் ஜூட்டின் பழைய சைக்கிளுக்கும் பின்னால் இருந்தவற்றைப் பற்றிச் சிலருக்குத்தான் தெரியும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பிரித்தானியாவில் பெண் பிள்ளைகளுக்காக வெளிவந்து, அந்த நாட்டிலேயே மறக்கப்பட்டுவிட்ட படக்கதை வார இதழ்கள் அவை. ஒவ்வோர் இதழுக்கும் அக்கா ஒரு பதிவு வைத்திருந்தார்: எந்த வாரம், எத்தனை பக்கம், எந்தத் தொடர், யார் வரைந்தது.

அவர் மன்னாரிலிருந்து வந்த முதல் வருடங்களில் அவருக்கு ஜெர்மன் தெரியாது. பள்ளிக்கூட ஆங்கிலம் மட்டும் தெரியும். எங்கள் பக்கத்தில் தங்கியிருந்த பிரித்தானியப் படையினரின் குடும்பங்கள் நாடு திரும்பும்போது வேண்டாத சாமான்களைப் பழைய பொருள் சந்தைக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். “பொடியனுக்குக் குளிர்சட்டை எண்டுதான் அந்தப் பெட்டியை எடுத்தனான். அடியில இவையள் கிடந்தவை,” என்பார் அக்கா. “ஒருத்தரோடயும் கதைக்கேலாமல் இருந்த எனக்கு, கிழமைக்குப் பத்துப் பெட்டையள் வந்து கதை சொன்னாளவை.” கொடுமைக்காரச் சித்தியிடமிருந்து குதிரையேறித் தப்புகிறவள், நடனப் பள்ளியில் அடுத்தவளின் சப்பாத்தை ஒளித்துவைக்கிறவள், கலங்கரை விளக்கில் தனியாக வாழ்கிறவள். அந்தக் கடைசிக் கதை பாதியில் நின்றிருந்தது. அடுத்த இதழைத் தேடத் தொடங்கியவர் பிறகு நிறுத்தவே இல்லை.

நான் அவரோடு சேர்ந்தது ஒரு பரிசளிப்பு விழாவில். மண்டபத்தின் நடுவில் நின்று, ஒலிவாங்கி இல்லாமலே கேட்டார்: “இஞ்ச ஆருக்குக் கொம்பியூட்டரில ஒழுங்கா லிஸ்ட் போடத் தெரியும்?”

பழரச மேசைக்குப் பின்னால் நின்ற என்னை அப்பா காட்டிவிட்டார். அப்பா கம்பித் தொழிற்சாலையில் வேலை செய்பவர். எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். “என்ர மகள் நூலகவியல் முடிச்சவள். ஆனா அது என்ன படிப்பெண்டு மட்டும் என்னட்டக் கேக்காதேங்கோ அக்கா.”

“சாமானை எங்க வைச்சதெண்டு மறக்காமல் இருக்கிற படிப்பு. உமக்கும் எனக்கும் வராதது,” என்றார் அக்கா. என் பட்டத்தை அப்படி ஒரே வரியில் யாரும் எங்கள் வீட்டுக்கு விளக்கியதில்லை. பிறகு என்னைப் பார்த்தார். “நீ கதைக்கிறேல்லையோ?”

“கதைப்பன்.”

“எப்ப?”

நான் சிரித்தேன். “பரவாயில்லை,” என்றார். “பெட்டியளும் கதைக்காது. உனக்கு வசதி.”

அந்தக் காலத்து வார இதழ்களில் வரைந்தவரின் பெயரை அச்சிடும் வழக்கமில்லை. எல்லாம் பெயரில்லாத பக்கங்கள். அக்கா அவற்றைச் சலவைப் பகுதியில் கற்றுக்கொண்ட முறையில்தான் அணுகினார். முதியோர் இல்லத்தில் ஒவ்வோர் உடுப்பிலும் உரியவரின் பெயர்ப்பட்டி தைத்திருக்கும். தோய்க்கத் தோய்க்கச் சில பட்டிகள் கழன்றுவிடும். அக்கா அந்தச் சட்டையின் பொத்தானை, கழுத்துத் தேய்மானத்தை, முன்பு யாரோ போட்ட தையலைப் பார்த்து, இது மூன்றாம் மாடியில் இருப்பவருடையது என்று கண்டுபிடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். “பேர் இல்லாத சட்டை எண்டு ஒண்டு இல்லைப் பிள்ளை. பேர் கழண்ட சட்டைதான் இருக்கு,” என்று அடிக்கடி சொல்வார். படக்கதையிலும் அப்படித்தான். ஒருவர் காதை எப்படி வளைக்கிறார், இன்னொருவர் குதிரையின் முழங்காலை எங்கே பிழைவிடுகிறார் என்று பார்ப்பார். ஒரு குறிப்பிட்ட ஓவியர் வரைந்த எல்லாத் தொடர்களிலும் கதாநாயகியின் ஒரு சப்பாத்து நாடா அவிழ்ந்தே இருக்கும். கலங்கரை விளக்குப் பெண்ணுக்கும் அப்படித்தான். அக்காவின் குறிப்புக் கொப்பிகளில் அந்த ஓவியருக்கு ‘நாடா அவிழ்ந்தவர்’ என்று பெயர்.

இன்னொன்றையும் அவரிடம்தான் அறிந்தேன். இந்த இதழ்களில் ஏதாவது விற்காமல் போனால், பதிப்பாளர்கள் அதை மூடப்போவதாகச் சொல்லமாட்டார்கள். ‘வாசகர்களுக்கு மகிழ்ச்சியான செய்தி’ என்று அட்டையில் பெரிதாகப் போட்டு, அடுத்த வாரம் முதல் வேறோர் இதழுடன் இணைவதாக அறிவிப்பார்கள். சில மாதங்களில் அந்தப் பெயரே காணாமல் போய்விடும். “அவங்கள் சந்தோசச் செய்தி எண்டு போட்டால், அண்டைக்குப் பத்திரிகைக்குச் செத்தவீடு,” என்று சொல்லிவிட்டு அக்கா கண்ணீர் வரச் சிரிப்பார்.

இனி என் பிழையைச் சொல்லவேண்டும். அக்கா கொப்பிகளை எல்லாம் தமிழில்தான் எழுதுவார். கை வேகமாக வரும் என்பார். அவற்றைப் பார்த்து நான் ஆங்கிலத்தில் பட்டியலாக்கி இணையத்தில் ஏற்றினேன். ஒரு நாள் கொலோனில் நடந்த பழைய படக்கதைச் சந்தைக்கு அக்கா தனியே போயிருந்தார். அங்கே ஒருவரின் மேசையில் கலங்கரை விளக்குக் கதையின் அசல் ஓவியத் தாள் ஒன்று இருந்ததாம். அவிழ்ந்த நாடாவும் இருந்ததாம். பின்பக்கத்தைப் பார்க்கலாமா என்று கேட்டுத் திருப்பியபோது, பென்சிலால் ஒரு பெயர். அக்கா அதைக் கொப்பியில் எழுதி, சுற்றி இரண்டு வட்டம் போட்டு வந்தார்: டி. பார்க்கர்.

தமிழில் பாரிஸுக்கும் பெர்லினுக்கும் ஒரே ‘ப’. டோக்கியோவுக்கும் டென்மார்க்குக்கும் ஒரே ‘ட’. அந்த ஐந்தாறு எழுத்துக்குள் நான்கு வெவ்வேறு ஆங்கிலப் பெயர்கள் இருந்தன. அக்காவை ஒரு தடவை தொலைபேசியில் அழைத்திருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அழைப்பது எனக்கு எப்போதும் பெரிய வேலை. இவ்வளவு சின்ன விசயத்துக்குத் தொந்தரவு கொடுப்பதா என்று நினைத்தேன். டோக்கியோவையும் பாரிஸையும் தேர்ந்தெடுத்து எழுதிவிட்டேன்.

என் பார்க்கர் வேகமாக வளர்ந்தார். ‘நாடா அவிழ்ந்தவர்’ யார் என்று பல காலம் தேடிய பிரித்தானியச் சேகரிப்பாளர்கள் எங்கள் பட்டியலைக் கொண்டாடினார்கள். மூன்று வேறு பட்டியல்களில் அவர் குடியேறினார். ஒரு முதிய சேகரிப்பாளர் இன்னும் ஒரு படி மேலே போய், பார்க்கர் கடற்படையில் இருந்திருக்க வேண்டும், அதனால்தான் கலங்கரை விளக்கு அவ்வளவு திருத்தமாக இருக்கிறது என்று ஒரு பத்தி எழுதினார்.

பிறகு இங்கிலாந்தின் வடக்கிலிருந்து ஒரு பெண்ணின் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. அந்தப் படங்களை வரைந்தவர் தன் தாய், டோரீன் பார்க்கர். டென்மார்க்கும் பெர்லினும். தொண்ணூறைத் தாண்டிவிட்டார், நன்றாக இருக்கிறார், தன் பெயரைத் தாங்கியும் தாங்காமலும் நிற்கும் இந்தக் கடற்படைக்காரர் யார் என்று அறிய விரும்புகிறார்.

ஹம்முக்கு ரயிலேறி, அக்காவின் சமையலறையில் உட்கார்ந்து, கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அக்கா மேசையில் கையை அடித்துச் சிரித்தார். “எடி பிள்ளை, நீயும் நானும் சேந்து ஒரு வெள்ளைக்காரனைப் பெத்துப்போட்டம்! அந்தக் கிழவர் ஞானஸ்நானமும் குடுத்திட்டார்!”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. உங்களிட்டக் கேட்டிருக்க வேணும்.”

“ஓம், கேட்டிருக்க வேணும். நானும் அதை இங்கிலீசில எழுதியிருக்க வேணும்.” சிரிப்பை நிறுத்தினார். “அது கிடக்கட்டும். இவ்வளவு காலம் அந்த மனுசிக்குப் பேர் இல்லை. இப்ப வேற ஆற்றையோ சட்டையைப் போட்டு விட்டிருக்கிறம். அவ இருக்கேக்கையே எல்லா இடத்திலயும் திருத்திக் குடுக்க வேணும். எடு போனை.”

“நீங்கள் கதையுங்கோ அக்கா.”

“எனக்கு ஏலாது. பிழை விட்ட ஆள் நீ. நான் பக்கத்தில இருந்து ரோல்ஸ் சாப்பிடுறன்.”

போனை ஒலிபெருக்கியில் வைத்து அழைத்தேன். தயாரித்து வைத்த வசனங்கள் எல்லாம் மறந்துபோய், நான்தான் அது, பயத்தில் கேட்காமல் விட்டேன், எங்கள் மொழியில் இரண்டு பெயரும் ஒன்று போல இருக்கும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். மறுபக்கத்திலிருந்து டோரீன் அம்மையார் சொன்னார்: “முப்பது வருடம் வரைந்தேன். ஒருவரும் ஒரெழுத்துக்கூடப் போடவில்லை. நீங்கள் பாதிக்கு மேல் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.” அக்கா வாயில் ரோல்ஸுடன் கைதட்டினார். பிறகு அவரால் பொறுக்கமுடியவில்லை. போனைப் பறித்து, ஏன் அந்த நாடா அவிழ்ந்தே இருக்கிறது என்று கேட்டார். “என் மகளைப் பார்த்துத்தான் வரைவேன். அவள் ஒரு நாளும் கட்டமாட்டாள்,” என்றார் அவர். “இப்போதும் கட்டுவதில்லை!” என்று பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது. அன்று இரண்டு மணி நேரம் மூவரும் பேசினார்கள். நான் குறிப்பெடுத்தேன், ஒவ்வொரு பெயரையும் எழுத்துக்கூட்டிக் கேட்டு.

பிறகு பட்டியல் பட்டியலாக, என் பெயரில், என் பிழையென்று எழுதித் திருத்தக் கேட்டேன். இரண்டு பேர் உடனே திருத்தினார்கள். கடற்படைப் பத்தி எழுதியவர் மட்டும் அசையவில்லை. பழைய அச்சகத்தார் ஒருவர் பார்க்கரை நேரில் கண்டதாகத் தன்னிடம் சொன்னதுகூட இப்போது நினைவு வருகிறது என்று அவர் பதில் போட்டார். அக்கா அந்தப் பதிலை ஜூட்டின் நண்பர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். ஆனால் மாதம் ஒரு தடவை என்னைக் கேட்பார்: “கிழவர் இறங்கினாரோ? திருப்பி எழுது. மனுசிக்கு வயசு போகுது.”

மாசி மாதத்தில் ஒரு மாலை அக்கா அழைத்தார். “பிள்ளை, உனக்கு ஒரு சந்தோசச் செய்தி.” கிழவர் இறங்கிவிட்டார் என்று நினைத்து நான் ஆரவாரப்பட்டேன். “கிழவர் இல்லைப் பிள்ளை,” என்றார் அக்கா. அப்போதுதான் எனக்கு விளங்கியது. வைத்தியசாலையில் இருந்துதான் பேசினார். “அட்டையில பெரிசாப் போட்டாச்சு,” என்றார். “எதோட இணைக்கப்போறாங்களோ தெரியாது.” அதற்கும் அவர்தான் முதலில் சிரித்தார்.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது, பட்டியலின் முகப்பில் அவர் பெயரைப் போடப்போகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். “பேர் கழண்ட சட்டையாவோ இருக்கப்போறீங்கள்?” என்று கேட்டேன். அவரை நான் மடக்கியது அந்த ஒரு தடவைதான். “வாய் வந்திட்டுது உனக்கு,” என்றார். அகதி விண்ணப்பத்தில் யாரோ எழுதிய பிழையான எழுத்துகள் வேண்டாம், தகப்பனார் எழுதிய மாதிரிப் போடு என்றார். ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

அடக்கத்துக்குப் போகும் ரயிலில், டோர்ட்முண்டைத் தாண்டியபோது, டோரீன் அம்மையாரின் மகள் அழைத்தார். நான் முதல் நாள் அவர்களுக்கும் அக்காவின் சேகரிப்பாளர் நண்பர்களுக்கும் அறிவித்திருந்தேன். கடற்படைப் பத்தி நீக்கப்பட்டுவிட்டது என்றார் மகள். டோரீன் பார்க்கர் என்று சரியாக இருக்கிறது, கீழே, இதைக் கண்டறிந்தவர் ரெஜினா என்று ஒரு வரியும் இருக்கிறது. பிறகு தாயிடம் கொடுத்தார். தேவாலயத்துக்குத் தன் கையால் ஓர் இரங்கல் அட்டை எழுதப்போவதாகவும், முழுப் பெயரையும் பிழையில்லாமல் எழுதவேண்டும் என்றும் அவர் சொன்னார். காது கொஞ்சம் மந்தம், உரக்கச் சொல்லுங்கள் என்றார்.

ரயில்பெட்டி நிறைய ஆட்கள். ரயிலில் நான் ஒருபோதும் தொலைபேசியில் பேசுவதில்லை. எழுந்து நின்று, ரெஜினா சூசைப்பிள்ளை என்று ஒவ்வோர் ஆங்கில எழுத்தாக உரக்கச் சொன்னேன். ‘பிள்ளை’ தொடங்கும் இடத்தில் அவர் நிறுத்தினார்.

“பொறுங்கள். இது என் எழுத்தா, இல்லாத அந்த மனிதரின் எழுத்தா?”

“இல்லாத மனிதரின் எழுத்து,” என்றேன்.

“நல்லது. கடைசியில் அவரும் ஒரு வேலைக்கு உதவினார்,” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். எதிரில் இருந்த கிழவி காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

எனக்கு இன்னும் வெட்கம் போகவில்லை. அழைப்பதற்கு முன் சொல்லவேண்டியதை இப்போதும் தாளில் எழுதிப் பார்க்கிறேன். ஆனால் ஒருவரின் பெயரை எழுதுவதற்கு முன், அந்த வெட்கத்துடனேயே, எந்த எழுத்து என்று அவரிடம் கேட்டுவிடுகிறேன். ரெஜினா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான்.