ஒற்றைக் காது கேசட்

பாட்டு தொடங்குவதற்கு முன் வரும் மூச்சுக்காகத்தான் சுந்தர்சிங் கண்ணை மூடுவார். கேசட்டை உள்ளே தள்ளி, பொத்தானை அமுக்கி, பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, ஆள்காட்டி விரலை உயர்த்திப் பிடித்திருப்பார். பாடகன் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டதும் விரல் மெல்ல இறங்கும்.

"இப்பம் கேட்டியா? இன்னும் பாடத் தொடங்கல்ல. அதுக்கு முன்ன உள்ள பயமாக்கும் இது."

எதிரே யாராவது இருந்தால் அவர்களிடம். யாரும் இல்லாவிட்டால் சுவரிடம்.

வயது அறுபத்திரண்டு. புதுக்கடைச் சந்தையிலிருந்து ஒரு மைல் உள்ளே, ரப்பர் மரங்களுக்கு நடுவே வீடு. இருபத்தொரு வருடம் பஹ்ரைனில் ஒரு எண்ணெய்க் கம்பெனியின் சாமான் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு, இரண்டு பெட்டி கேசட்டும் ஒரு டேப் ரெக்கார்டரும் நீரிழிவுமாகத் திரும்பியவர். அந்த இரண்டு பெட்டியில் தினமும் மதியம் இரண்டரைக்கு ஓடுவது ஒரே ஒரு கேசட். எழுபதுகளில் ஓர் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பாடிய காதல் பாட்டுகள். எட்டுப் பாட்டு, நாற்பத்தொரு நிமிடம். அந்த வகைப் பாட்டுக்கு 'சோல்' என்று பெயர். பாடகரின் பெயரைக் கேட்டால் சொல்லமாட்டார். "பேரு தெரிஞ்சா நீ பேரத்தான் கேப்பே. பாட்டக் கேக்கமாட்டே."

ஆங்கிலம் அவருக்குப் பாதிதான் புரியும். ஆனால் அந்த எட்டுப் பாட்டில் அவர் அறியாத மூலை கிடையாது. முதல் பாட்டில் அந்த மனிதன் ஒரு நிமிடம் பாடுவதேயில்லை, பேசுகிறான். பெட்டியோடு வாசலில் நிற்கும் பெண்ணிடம், மழை விட்ட பிறகு போகலாமே என்கிறான். பின்னால் ஆர்கன் தணிந்த குரலில் கூடவே வருகிறது. "கெஞ்சுதான் பாரு. ஆம்பளைக்குக் கெஞ்ச வராது மக்கா. இவனுக்கு வருது." மூன்றாவது பாட்டில் பேஸ் கித்தார் எப்போதும் தாளத்தில் அரை அடி பிந்தியே வரும். "பாடுதவனுக்குப் பதற்றம், அவ போயிருவாளோன்னு. கித்தாருக்கு ஒரு பதற்றமும் இல்ல. அதுக்குத் தெரியும், அவ போயாச்சு." ஐந்தாவது பாட்டில் குரல் நூல்போல மெலிந்து உச்சிக்குப் போகும்போது, "கோயில் பாட்டுல வளந்த தொண்டையாக்கும்" என்பார். சபைப் பாடகர் குழுவில் பதினைந்து வயதிலிருந்து டெனர் என்னும் ஆண் உச்சக்குரல் பாடியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஏழாவதில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்று, அவன் ஒரு பெண்ணின் பெயரை மட்டும் சொல்லும் இடத்தில் சுந்தர்சிங்கின் கண் நனையும். "பாடுதது பெரிசில்ல. எதிர்ல நிக்கியவ என்ன சொல்லுவாண்ணு நிறுத்திக் கேக்கியான் பாரு, அது பெரிசு."

அடுக்களையிலிருந்து மனைவி ராகேலின் குரல் வரும்: "அமெரிக்காக்காரன் மூச்சு விட்டாக் கேக்கும். இஞ்ச குக்கரு நாலு விசிலடிச்சாக் கேக்காது."

கணவருக்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'கேட்டும் கேக்காத ஆளு'. அரிசி தீர்ந்ததற்கும் அதுதான், கூரை ஒழுகுவதற்கும் அதுதான். விருந்தாளிகள் சிரிப்பார்கள். சுந்தர்சிங்கும் சிரிப்பார், கொஞ்சம் பிந்தி, அந்தக் கித்தாரைப் போல.

கேசட் விஷயத்தில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. கேசட்டின் முதுகில் இரண்டு மூலையிலும் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றைக் காது என்பார். பக்கத்துக்கு ஒரு காது. அதை ஒடித்துவிட்டால் அந்தப் பக்கத்தின் மேல் யாரும் எதையும் பதிய முடியாது. "நல்லது ஒண்ணு பதிஞ்சா உடனே காத ஒடிச்சிரணும். இல்லன்னா எந்தச் சவமாவது வந்து மேல பதிஞ்சிரும்." இரண்டு பெட்டிக் கேசட்டுகளும் காதில்லாமல்தான் இருக்கின்றன. இந்த ஒன்றுக்கு மட்டும், இவ்வளவு உயிரான இதற்கு, பாட்டு இருக்கும் பக்கத்தின் காது ஒடிக்கப்படவில்லை. புதுக்கடையில் ரேடியோவும் செல்போனும் பழுதுபார்க்கும் கோலப்பன் ஒருமுறை அதைக் கவனித்துக் கேட்டார். "விட்டுப் போச்சு" என்றார் சுந்தர்சிங்.

விட்டுப் போகவில்லை.

அந்தக் காலத்தில் கல்ஃபுக்குப் போனவர்களின் வீட்டில் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பினார்கள். ஊரிலிருந்து யாராவது புறப்பட்டால் அவர்கள் பெட்டியில் சிப்ஸ் பொட்டலத்தோடு மனைவியின் குரலும் போகும். ராகேல் மாதம் ஒன்று அனுப்புவாள். 1981இல் வந்த தொண்ணூறு நிமிடக் கேசட்டில், கணவருக்குப் பிடிக்குமே என்று, ஒரு பக்கம் முழுக்கச் சபைக் குழுவின் கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் பதிந்திருந்தாள். மறுபக்கம் அவள் பேசியிருந்தாள். பாட்டை அன்றே கேட்டுவிட்டு அந்தப் பக்கத்துக் காதை ஒடித்தார் சுந்தர்சிங். பேச்சு எப்போதும் உள்ளதுதானே, யார் கல்யாணம், யார் வீட்டுச் சண்டை, ஆற அமரக் கேட்கலாம் என்று வைத்தார்.

அந்த வாரம் ஊருக்குத் திரும்பவிருந்த அமெரிக்க மேற்பார்வையாளர் தன் கேசட்டை ஒரு நாள் மட்டும் இரவல் கொடுத்தார். அன்று வெள்ளிக்கிழமை. கடைகள் அடைப்பு, தொழிலாளர் கேம்பில் ஒருவரிடமும் வெற்றுக் கேசட் இல்லை. கிறிஸ்துமஸ் பாட்டை அழிக்க மனம் வரவில்லை. பேச்சின் மேல் பதிந்தார்.

எட்டாவது பாட்டு முடிந்தும் நாடாவில் அவள் பேச்சு நான்கு நிமிடம் மிச்சம் இருந்தது. அதை அவர் முதன்முதலாகக் கேட்டது இரண்டு மாதம் கழித்து. அதற்குள் ராகேலின் அண்ணன் பொன்னுலிங்கத்தின் கடிதம் வந்திருந்தது: ஆபரேஷன் முடிந்தது, கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், உங்களிடமிருந்து பதில் இல்லாததால் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு ராகேல் கேசட் அனுப்பவில்லை. கணவர் கேட்டார், கேட்டும் வாய் திறக்கவில்லை என்றே இருபத்தெட்டு வருடமாக நினைத்திருக்கிறாள். அவர் அப்படியே நினைக்கவிட்டார். அந்த நான்கு நிமிடத்தை அழித்துவிடலாம் என்று எத்தனையோ தடவை பதிவுக்கான சிவப்புப் பொத்தானில் விரலை வைத்திருக்கிறார். அமுக்கவும் முடியவில்லை, காதை ஒடிக்கவும் முடியவில்லை.

எட்டாவது பாட்டு ஆறு நிமிடம். நீரிழிவுக்காரருக்கு அந்த நேரம் கணக்கு. பாட்டு தொடங்கியதும் எழுந்து கொல்லைக் கழிவறைக்குப் போய், கை கழுவி, கடைசித் தந்தி இழுபடும்போது திரும்பி வந்து நிறுத்துவார். ஒருநாளும் தப்பியதில்லை.

போன மாதம் கோலப்பன் வந்து டேப் ரெக்கார்டரைத் திறந்தார். "அண்ணாச்சி, பெல்ட்டு தொளதொளன்னு கெடக்கு. இவன் ஏக்கம் புடிச்சவன், இழுத்துப் பாடுதான்னு இத்தன நாளா சொன்னியளே, அது பெல்ட்டுக்க குணமாக்கும்!"

"போடே. ஏக்கம் உனக்கெங்க தெரியும்."

கோலப்பன் புது பெல்ட்டைப் போட்டுவிட்டுப் போனார். அன்று மதியம் பாட்டுகள் கொஞ்சம் இளமையாக, கொஞ்சம் வேகமாக ஓடின. சுந்தர்சிங் ரசித்தபடி எழுந்து கொல்லைக்குப் போனார். கை கழுவும்போதே வீட்டுக்குள்ளிருந்து பாட்டு நின்றுவிட்ட அமைதி வந்தது. ஈரக் கையோடு ஓடினார்.

இருபத்துநான்கு வயது ராகேல் பேசிக்கொண்டிருந்தாள்.

"... வயித்துக் கட்டிய மட்டும் எடுக்கணும்னா வேலூருக்குப் போணுமாம். நீங்க லீவெடுத்து வந்தாப் போலாம். இல்லன்னா இஞ்சயே கர்ப்பப்பையோட எடுத்திருவாவளாம். ரெண்டுல எதுன்னு நீங்க பறைஞ்சாப் போதும். ரெண்டாந்தேதி வர பொறுக்கேன்னு டாக்டரம்மா சொல்லியாச்சு. எனக்குப் பிள்ளை வேணும். கேக்குதியளா? ... வேற என்ன. பசு கண்ணு போட்டிருக்கு. கெடேரி."

ஐம்பத்திரண்டு வயது ராகேல் கையில் கரண்டியோடு முன்னால் நின்றாள். நாடா முடிந்து பொத்தான் துள்ளியது. கரண்டியை நாற்காலியில் வைத்துவிட்டுப் பின்னால் ஓட்டினாள். பாட்டு வந்தது. இன்னும் பின்னால் ஓட்டினாள். பாட்டு. இன்னும் பின்னால். வாத்தியங்களெல்லாம் நின்று, அந்த மனிதன் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னான்.

"இதுக்கு முன்ன நான் என்னவெல்லாம் பறைஞ்சேன்?"

சுந்தர்சிங்கின் விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நீங்க கேக்கவே இல்ல," என்றாள். "இல்லியா?"

"ஏட்டி... அன்னைக்கு வெள்ளியாழ்ச்ச. கடை இல்ல..."

அவள் கேசட்டை வெளியே எடுத்தாள். திருப்பி முதுகைப் பார்த்தாள். கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி, மிச்சமிருந்த காதின் இடுக்கில் நுழைத்து நெம்பினாள். டக்கென்று ஒடிந்தது. துணுக்கை ஊதித் தள்ளிவிட்டு, ஊக்கை மறுபடி சங்கிலியில் மாட்டிக்கொண்டாள்.