மஞ்சள் துணியில் முடிந்த காசு

ஊரடங்கு நேரத்தில் வெளியே ஓடாமல் இருக்கட்டும் என்று ஏழு வயது மகளை நாணயம் சேர்க்கப் பழக்கியவன் நான்தான்.

வேலைக்காக நான் லாஞ்சில் கடல் கடந்து மூதூருக்குப் போகும் ஒவ்வொரு முறையும், பத்திரமாகத் திரும்பவேண்டும் என்று நேர்ந்து, மனைவி ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து பிள்ளையார் படத்தடியில் வைப்பாள்.

இன்று அவற்றைக் கோயில் உண்டியலில் சேர்ப்பதற்காக முடிச்சுகளை அவிழ்த்தாள். ஒன்றிலும் காசு இல்லை. எல்லாவற்றிலும் என் சேட் பொத்தான்கள்.

இவ்வளவு நாளும், பொத்தானை அறுத்துவிட்டார் என்று, உடுப்பு வெளுக்கும் லோன்றிக்காரரை நான் ஏசிக்கொண்டிருந்தேன்.

மகளைக் கூப்பிட்டோம்.

"பழைய காசெல்லாம் அதுக்குள்ளதான் இருந்தது. நான் சும்மா எடுக்கேல்லை அம்மா. ஒண்டுக்கு ஒண்டு மாத்தித்தான் எடுத்தனான்."

"பிள்ளையாரோட மாத்துறதோ?" என்றாள் மனைவி.

"அவர் ஒண்டும் சொல்லேல்லை. அப்பாவும் ஒவ்வொரு தரமும் ஒழுங்கா வந்தவர்தானே."

உண்டியலில் காசைப் போடுவதா பொத்தானைப் போடுவதா என்று மனைவி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு நாளைக்கும் லாஞ்ச். இத்தனை நாள் கரை சேர்த்தது பொத்தான் என்று தெரிந்தபிறகு காசுக்கு மாற எனக்குத் துணிவில்லை. வீட்டில் மேலதிகப் பொத்தான் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். என்னிடம் கழுத்துப் பொத்தான் மட்டும்தான் மிச்சம்.